சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளில் நிர்வாகத் திறன்: பட்டறை நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் பொறியியல் பட்டறைகள்தான். பம்ப் உதிரிபாகம், மோட்டார், வார்ப்படம், சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) ஜாப் ஒர்க் என்று பத்துப் பேரிலிருந்து நூறு பேர்வரை வைத்து நடத்துகிறார்கள். பயிற்சி என்று பேச்செடுத்தால் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை, "ஆள் கிடைப்பதில்லை, கிடைக்கிற ஆளுக்கு வேலை தெரியவில்லை." இது உண்மைதான். ஆனாலும் இந்தப் பட்டறைகளில் பயிற்சி அவசரமாகத் தேவைப்படுவது முதலாளிக்கும் அவருக்கு அடுத்து நிற்கும் சூப்பர்வைசருக்கும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கில் எழுதப்பட்டவை. கோவைப் பட்டறைகளை மனதில் வைத்து எழுதினாலும், அம்பத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எங்கள் பட்டறையில் முப்பது பேர்தான். இதற்கு நிர்வாகப் பயிற்சி எதற்கு?

பத்துப் பேர் இருக்கும்வரை உண்மையிலேயே அவ்வளவாகத் தேவைப்படாது. எல்லா மெஷினும் முதலாளியின் கண்ணில் படும். எந்த பாகம் எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு டெலிவரி, யார் இன்று லீவு என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது ஷிப்ட் போட்டதும், அல்லது அடுத்த தெருவில் இன்னொரு ஷெட் எடுத்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தலைக்குள் வைத்திருந்த கணக்கு அங்கே எட்டாது.

உங்கள் பட்டறை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நீங்கள் நாலு நாள் ஊரில் இல்லாதபோது உங்கள் போனுக்கு என்னென்ன கேள்விகள் வருகின்றன என்று குறித்துப் பாருங்கள். "அந்த ராடு எங்கே இருக்கிறது?", "எந்த பார்ட்டை முதலில் போடுவது?", "இந்த அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, அனுப்பலாமா?" போன்ற கேள்விகளே அதிகம் என்றால், முடிவெடுக்கும் திறன் உங்களைத் தாண்டி யாரிடமும் போய்ச் சேரவில்லை. பயிற்சி எங்கே தேவை என்பதற்கு அந்தக் குறிப்பே முதல் பட்டியல்.

கோவைக்கு இதில் தனிக் கதை இருக்கிறது. பைக்காரா மின்சாரம், பஞ்சாலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகள், அப்புறம் மோட்டார், பம்ப் என்று வளர்ந்த ஊர் இது. 1937-இல் ஜி.டி. நாயுடு இங்கே மோட்டார் செய்து காட்டிய காலத்திலிருந்தே, கையால் செய்து பார்த்துக் கற்பது இந்த ஊரின் பழக்கம். இன்றும் பெரும்பாலான முதலாளிகள் லேத்தில் நின்று வளர்ந்தவர்கள். மெஷினைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. விலை போடுவது, ஆளை வளர்ப்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஆகியவற்றைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

சிறு, நடுத்தரம் என்று அரசு எதைச் சொல்கிறது?

2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பு இது. மெஷினில் போட்ட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் வரை சிறு நிறுவனம். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். இந்த நிறுவனங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்ய கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம்.

நிர்வாகத்தைச் சரிசெய்தால் லாபம் கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே. மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் உள்ள நெசவு ஆலைகளில் நிக்கோலஸ் புளூம், டேவிட் மெக்கென்சி உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். எல்லாமே குடும்பங்கள் நடத்துபவை. சோதனைக்கு எடுத்த ஆலைகளில் முதலில் ஒரு மாதம் நிலைமையை ஆராய்ந்தார்கள். குலுக்கலில் தேர்ந்த ஆலைகளில் மட்டும் கூடுதலாக நாலு மாதம் ஆலோசகர்கள் கூடவே இருந்து 38 நடைமுறைகளைக் கொண்டுவர உதவினார்கள். குறைபாட்டைப் பதிவு செய்வது, மெஷின் நின்ற காரணத்தை எழுதுவது, கிடங்கில் நூலை ஒழுங்காக அடுக்குவது, மெஷின் பராமரிப்புக்கு நாள் குறிப்பது என்று எல்லாமே சாதாரண வேலைகள்தான்.

முதலாண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. மூன்றாண்டுகளில் புதிய ஆலைகள் திறக்கும் அளவுக்கும் அந்த நிறுவனங்கள் வளர்ந்தன. 2013-இல் இந்த ஆய்வு வெளியானது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு செய்திகள். ஒன்று, ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதை அதன் நிர்வாகத் தரத்தைவிட, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே அதிகமாகத் தீர்மானித்திருந்தது. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தால் நாலு ஆலை, ஒருவர் மட்டும் இருந்தால் ஒரே ஆலை. வெளியாளை நம்பி ஒப்படைக்கத் தயக்கம் இருந்ததால் வளர்ச்சி குடும்பத்தின் எல்லையோடு நின்றது. கோவையில் இதைப் பார்க்காதவர் யார்?

இரண்டாவது, பல ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கொண்டுவந்த நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆலை மேலாளர் மாறிப்போனதும், முதலாளிகளுக்கு நேரம் இல்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். அப்படியும் மற்ற ஆலைகளைவிட இவை முன்னால்தான் இருந்தன. ஒரே ஆளோடு வந்த பழக்கம் அந்த ஆளோடு போய்விடும் என்பதால், பயிற்சிக்கு எப்போதும் குறைந்தது இரண்டு பேரை அனுப்புங்கள்.

நல்ல டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவரை சூப்பர்வைசர் ஆக்கினேன். இப்போது நல்ல டர்னரும் இல்லை, நல்ல சூப்பர்வைசரும் இல்லை. என்ன செய்வது?

சிறு தொழிற்சாலைகளில் மிக அதிகமாக நடப்பது இதுதான், இதற்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காகப் பதவி உயர்வு கொடுக்கிறோம். அந்தப் பதவிக்கான வேலை என்ன என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே அவர் தனக்குத் தெரிந்ததையே செய்கிறார். ஒரு பையன் செட்டிங்கில் (அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்வதில்) தடுமாறினால், "தள்ளு, நான் போடறேன்" என்று அவரே போட்டுவிடுகிறார். மாலைக்குள் ஆறு மெஷினில் அவரே செட்டிங் போட்டுக் களைத்துப் போகிறார். பையனுக்கு இன்னும் செட்டிங் தெரியாது.

இதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நல்ல வழி கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் போருக்குப் போய்விட, அனுபவமே இல்லாதவர்கள் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேகமாகக் கற்றுத்தர 1940-இல் 'டிடபிள்யூஐ' (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1945-க்குள் 16 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் சூப்பர்வைசர்கள், முன்னணித் தொழிலாளர்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா போன்ற நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை பயன்படுத்துகின்றன.

அந்தத் திட்டம் சூப்பர்வைசருக்கு ஐந்து தேவை என்றது. வேலையைப் பற்றிய அறிவு, தன் பொறுப்பு எதுவரை என்ற தெளிவு, சொல்லித்தரும் திறன், வேலை முறையைச் சீர்படுத்தும் திறன், ஆட்களோடு பழகும் திறன். உங்கள் டர்னரிடம் முதலாவது நிறைய இருக்கிறது. மற்ற நாலையும் அவருக்குக் கற்றுத்தர வேண்டும். அதில் சொல்லித்தரும் திறனை முதலில் எடுங்கள், பலன் சீக்கிரம் தெரியும்.

சொல்லித்தருவதை நாலு படிகளாகப் பிரித்தார்கள். முதலில் ஆளின் பதற்றத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டாவது, வேலையைச் செய்து காட்டுவது. ஒருமுறை படிகளை மட்டும் சொல்லி, மறுமுறை ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டியதைச் சேர்த்து, பிறகு அதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, அவரைச் செய்யவைத்து, செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்லவும் வைப்பது. நாலாவது, தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டு அடிக்கடி போய்ப் பார்ப்பது.

நம் ஆட்கள் வழக்கமாக இரண்டாவது படியை ஒரே தடவை செய்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். பையன் தலையாட்டுவான். அவ்வளவுதான் பயிற்சி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வார்ப்படத்தை ஃபிக்சரில் (மெஷினில் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) ஏற்றிப் பிடிக்கும் வேலை. படி என்று பார்த்தால் மூன்றுதான்: துடை, உட்காரவை, கிளாம்பை இறுக்கு. கவனிக்க வேண்டியது எங்கே இருக்கிறது? பாகம் உட்காரும் முகத்தில் ஒரு துணுக்கு இரும்புத் துருவல் இருந்தாலும் பாகம் சாய்ந்து உட்காரும், குடைகிற துளை கோணலாகும். கிளாம்பை ஒரு பக்கமாக முழுக்க இறுக்கினால் மெல்லிய வார்ப்படம் வளைந்து, கழற்றியதும் அளவு மாறும். இந்த இரண்டையும் காரணத்தோடு அந்த ஃபிக்சர் பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்தால், ஆள் மாறினாலும் அறிவு மாறாது. உங்கள் சூப்பர்வைசரை வாரத்துக்கு ஒரு வேலைக்கு இப்படி அட்டை எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது அவருக்கே சில இடங்களில், "இதை நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்ற கேள்வி வரும். முறையைச் சீர்படுத்தும் திறன் அந்தக் கேள்வியில் தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று. சூப்பர்வைசர் ஆக்கியதைப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் அறிவியுங்கள். எதுவரை அவர் உங்களைக் கேட்காமல் முடிவு செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். ஓவர்டைம் போடலாமா, டூல் மாற்றலாமா, சந்தேகமான பாகத்தைத் தனியே ஒதுக்கி வைக்கலாமா? சொல்லாத அதிகாரத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

அப்படியானால் முதலாளிக்கு என்ன பயிற்சி?

விலை போடுவது, பணவரவைத் திட்டமிடுவது, ஒப்படைப்பது ஆகிய மூன்றும். முதலாவதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். ஒப்படைப்பதை வகுப்பில் கற்க முடியாது. வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட சில முடிவுகளை சூப்பர்வைசரே எடுக்கட்டும் என்று விட்டு, மாலையில் உட்கார்ந்து அவற்றைப் பேசிப் பாருங்கள். தவறு நடந்தால் பட்டறை நடுவில் சத்தம் போடாமல் உள்ளே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒருமுறை எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவர் மறுபடி எல்லாவற்றுக்கும் உங்களையே கேட்க ஆரம்பித்துவிடுவார்.

வேலை நிறைய இருக்கிறது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கையில் பணம் நிற்கவில்லை. ஏன்?

பல காரணங்கள் இருக்கலாம். நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஒரு மணிநேர மெஷின் ஓட்டத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் விலை. பெரும்பாலானவர்கள் பக்கத்துப் பட்டறை என்ன விலை கேட்கிறது என்று விசாரித்து அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள். அவர் கணக்குப் போட்டாரா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விஎம்சி மெஷினை (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷின்) எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மெஷின் விலை 30 லட்சம், பத்தாண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்குத் தேய்மானம் 3 லட்சம். கடன் வட்டி 1.8 லட்சம். ஆபரேட்டர் சம்பளம் பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் எல்லாம் சேர்த்து 3 லட்சம். மின்சாரம் 1.2 லட்சம். டூல், கூலண்ட், பராமரிப்பு 1.5 லட்சம். வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், அலுவலகச் செலவில் இந்த மெஷினின் பங்கு 1.5 லட்சம். மொத்தம் 12 லட்சம்.

ஒரு ஷிப்ட், எட்டு மணிநேரம், 300 நாள் என்றால் 2,400 மணிநேரம். வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். 600 ரூபாய்க்கு வேலை எடுத்தால் நூறு ரூபாய் லாபம் என்று தோன்றும்.

ஆனால் மெஷின் 2,400 மணிநேரமும் பில் போடக்கூடிய வேலை செய்கிறதா? செட்டிங், மெட்டீரியல் வராமல் காத்திருப்பது, முதல் பாகத்தை அளந்து சரிபார்ப்பது, பழுது, ஆள் வராதது எல்லாம் போக 1,500 மணிநேரம்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அடக்கவிலை மணிக்கு 800 ரூபாய். 600-க்கு எடுத்த ஒவ்வொரு மணிநேரமும் 200 ரூபாய் நஷ்டம், ஆண்டுக்கு 3 லட்சம். வேலை கூடக்கூட பணம் கரைவது இப்படித்தான்.

விலையை ஏற்றச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. இன்னொரு பக்கமும் கதவு இருக்கிறது. செட்டிங் நேரத்தையும் காத்திருப்பையும் குறைத்து 1,500-ஐ 1,800 ஆக்கினால், மின்சாரமும் டூலும் கொஞ்சம் கூடினாலும் அடக்கவிலை 700-க்குள் வந்துவிடும். சூப்பர்வைசருக்குக் கொடுக்கும் பயிற்சி முதலாளியின் பணப்பெட்டியைத் தொடுவது இந்த இடத்தில்தான். எந்த வேலையை விட்டுவிடலாம் என்று துணிந்து முடிவெடுக்கவும் இந்தக் கணக்கு உதவும். கணக்குத் தெரியாமல் எந்த ஆர்டரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

தினமும் எந்தெந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

நாலே நாலு போதும். திட்டமிட்டது எத்தனை, நல்ல பாகமாக முடிந்தது எத்தனை. ரிஜெக்‌ஷன் எத்தனை, என்ன காரணத்தால். மெஷின் எத்தனை நிமிடம் நின்றது, எதனால். இன்று போக வேண்டிய டெலிவரி போனதா. பட்டறைக்குள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் கையால் எழுதுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது பலகை முன்னால் நின்றபடியே பத்து நிமிடம் பேசுங்கள். சாஃப்ட்வேர் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கையால் எழுதிய பட்டறைக்குத்தான் என்ன சாஃப்ட்வேர் வேண்டும் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ரிஜெக்‌ஷனை எழுதியவரைத் திட்டினால் மறுநாளிலிருந்து பலகையில் ரிஜெக்‌ஷன் இருக்காது, ஸ்கிராப் டிரம்முக்கு அடியில் இருக்கும்.

பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்களே?

சிலர் போவார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்த ஆட்களும் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று போகிறவரிடம் விசாரித்தால், பல நேரம் பின்னால் வேறு காரணம் இருக்கும். மூன்று வருடமாக ஒரே மெஷின், அடுத்து என்ன என்று யாரும் சொல்லவில்லை, லீவு கேட்டால் மரியாதை இல்லை.

திறன் அட்டவணை ஒன்று போடுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள்: லேத், விஎம்சி ஓட்டுதல், செட்டிங், அளவு பார்த்தல், டூல் தீட்டுதல். ஒவ்வொருவரும் எந்த வேலையில், கற்கிறவர், தனியாகச் செய்கிறவர், மற்றவருக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர் ஆகிய மூன்றில் எந்த நிலையில் இருக்கிறார் என்று குறியுங்கள். சம்பள உயர்வை இதோடு இணையுங்கள். அடுத்த படி எது, அதற்கு எவ்வளவு கூடும் என்று தெரிந்தவர் எளிதில் கிளம்பமாட்டார். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எது என்பதும் இந்த அட்டவணையில் பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த வேலைக்கு இரண்டாவது ஆளை உடனே தயார் செய்யுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் பாதிப் பேர். மொழி தெரியாமல் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

முதலில், எல்லோரும் இந்திக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்தியும் அரைகுறையாக இருக்கலாம். அதனால் எழுத்தை நம்பாமல் படத்தை நம்புங்கள். சரியான பாகம் ஒன்று, தவறான பாகம் ஒன்று, இரண்டையும் பச்சை, சிவப்புப் பெயிண்ட் அடித்து மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அளவைப் படிக்கத் தெரியாதவருக்கு போகும், போகாது என்று காட்டும் கேஜ் கொடுங்கள். அவர்களில் இரண்டு மூன்று வருடம் இருந்தவர் ஒருவரைத் தேர்ந்து, மேலே சொன்ன நாலு படி முறையில் அவருக்குச் சொல்லித்தரப் பழக்கி, அதற்குத் தனியாகப் பணமும் கொடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. பவர் பிரஸ்ஸிலோ கிரைண்டிங்கிலோ நிறுத்தும் முன், அவர் மொழியில் சொல்லி, அவர் திருப்பிச் செய்து காட்டும்வரை மெஷினைத் தொட விடாதீர்கள். விரல் போனால் திரும்ப வராது. சொந்த ஊரைவிட்டு அத்தனை தூரம் வந்தவருக்கு அந்த விரல்தான் சொத்து.

பெண்களை சூப்பர்வைசர் ஆக்கலாமா?

கட்டாயம். மோட்டார் வைண்டிங், அசெம்பிளி, அளவு பார்த்தல் ஆகியவற்றில் கோவைப் பகுதியில் பெண்கள் பல வருடமாக இருக்கிறார்கள். பத்து வருட அனுபவமுள்ள பெண் ஒருவர் இருக்க, நேற்று டிப்ளமோ முடித்த பையனை அவருக்கு மேல் உட்காரவைப்பது நல்ல திறனை வீணடிப்பது. ஷிப்ட் நேரம், கழிப்பறை, போக்குவரத்து ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள், வருவார்கள்.

மகன் இன்ஜினியரிங், எம்பிஏ முடித்து வந்திருக்கிறான். அவனுக்கும் ஃபோர்மேனுக்கும் ஒத்துப்போகவில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். ஃபோர்மேன் அவனைச் சின்ன வயதில் பட்டறையில் தூக்கி வைத்திருந்தவர், இன்னும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். பையனுக்கோ வந்ததும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற அவசரம். முதல் ஆறு மாதம் அந்த ஃபோர்மேனிடமே மெஷின் கற்க விடுங்கள். பிறகு ஏதாவது ஒரு பகுதியை, விலை போடுவதையோ வாங்குவதையோ தரத்தையோ, முழுமையாக அவன் பொறுப்பில் விடுங்கள். அதில் அவன் எடுத்த முடிவை மற்றவர் முன்னால் மாற்றாதீர்கள். ஃபோர்மேனும் அவனும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுங்கள். குறிப்பிட்ட ஒரு பாகத்தின் ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைப்பது அதற்கு ஏற்றது. ஒருவரின் கை அனுபவமும் மற்றவரின் கணக்கும் இல்லாமல் அது முடியாது. மகளாக இருந்தாலும் இதேதான்.

ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்கினால் போதாதா?

வாடிக்கையாளர் கேட்டால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் தணிக்கைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவது எவருக்கும் எதையும் கற்றுத்தராது. அந்த ஃபைல்களில் உள்ள நாலு எண்கள் தினமும் பலகைக்கு வந்தால் சான்றிதழுக்குச் செலவழித்த பணம் பலன் தரும்.

பெரிய கம்பெனிகள் பில் பணத்தை மாதக்கணக்கில் இழுக்கின்றன. இதற்கும் நிர்வாகத் திறனுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும், சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே வரவேண்டிய பாக்கியை, எது எத்தனை நாளாக நிற்கிறது என்று வாரம் ஒருமுறை பார்ப்பது முதலாளி கற்க வேண்டிய திறன்களில் ஒன்று.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023 நிதிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) பிரிவு இன்னொரு பிடியைக் கொடுத்தது. இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர், அதை உண்மையில் கொடுக்கும்வரை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இந்தப் பாதுகாப்பு நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் வழக்குக்குப் போகத் தயங்குவார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுவதற்கும், ஆர்டர் எடுக்கும்போதே கெடுவை எழுத்தில் வாங்குவதற்கும், பாகம் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதியைப் பதிவு செய்வதற்கும் எந்தச் சண்டையும் தேவையில்லை. பெரிய வாடிக்கையாளர் ட்ரெட்ஸ் தளங்களில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால், அவர் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வங்கிகளிடம் தள்ளுபடியில் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறலாம்.

அரசுத் திட்டங்களில் பயிற்சிக்கு எவை உதவும்?

மூன்றைக் கவனியுங்கள். 2023-இல் தொடங்கிய எம்எஸ்எம்இ லீன் (விரயத்தைக் குறைக்கும் முறை) திட்டத்தில் ஆலோசகர் உங்கள் பட்டறைக்கே வந்து வேலை செய்வதற்கான செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. இந்தப் பக்கத்தில் சொன்னவற்றுக்கு மிக நெருக்கமானது இதுதான். குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கான ஜெட் சான்றிதழ் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் வருகிறது. சான்றிதழ்ச் செலவில் குறு நிறுவனங்களுக்கு 80, சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீத மானியம். மூன்றாவது, பழகுநர் (அப்ரெண்டிஸ்) திட்டம். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். 2016-இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு தருகிறது.

தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையத்திலும், கோவையில் இருப்பவர்கள் கொடிசியா, சீமா போன்ற சங்கங்களிலும் விசாரிக்கலாம். மானிய விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பட்டறைக்குள் வந்து அரை நாளாவது நின்று பார்க்காமல் கட்டணம் சொல்கிறவரை வேண்டாம் என்று விடுங்கள். உங்கள் பாகத்தையே, உங்கள் ரிஜெக்‌ஷன் கணக்கையே வைத்துப் பாடம் நடத்துவாரா என்று கேளுங்கள். ஆங்கில ஸ்லைடுகளைத் தமிழில் விளக்குகிறேன் என்பவரைவிட, நேராகத் தமிழில் பேசி உங்கள் சூப்பர்வைசரைப் பேசவைப்பவர் மேல். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வருவாரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொடங்கும் முன்பே ஒரு பாகம், ஒரு எண்ணைத் தேர்ந்துகொள்ளுங்கள். செட்டிங் பயிற்சி என்றால், அந்த வேலைக்கு இப்போது செட்டிங் எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். பயிற்சி முடிந்து ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் அதே ஆள், அதே வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பாருங்கள். ஒரு மாதத்தில் குறைந்து மூன்றாம் மாதத்தில் பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தால் பயிற்சியாளரைக் குறை சொல்ல வேண்டாம். சூப்பர்வைசர் அந்த மெஷின் பக்கம் போவதை நிறுத்திவிட்டார், அல்லது நீங்கள் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

பயிற்சிக்கு ஆகும் பெரிய செலவு நேரம்தான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. சூப்பர்வைசருக்கு வாரத்தில் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் அந்த நேரத்துக்கான உற்பத்தி இலக்கையும் குறைத்துவிடுங்கள். இலக்கைக் குறைக்காமல் பயிற்சியும் கொடு என்றால், முதலில் விடுபடுவது பயிற்சிதான். மாதக் கடைசி டெலிவரி நெருக்கடியில் தொடங்காதீர்கள். மாதத்தின் முதல் வாரம், செவ்வாய் அல்லது புதன், காலை ஷிப்டின் முதல் மணிநேரம் பெரும்பாலான பட்டறைகளுக்கு ஒத்துவரும்.